முந்தின நாளே வாங்கிய நம்பர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மனைவி சொல்வாள், மகன் சொல்வான், ரயில்வேயில் என்னோடு வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் செல்போனைச் சோபாவில் விட்டெறிந்தபோது வீட்டில் யாரும் என்னவென்று கேட்கவில்லை. மனைவி ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மிக்சியை மறுபடி ஓடவிட்டாள்.

போனில் வந்திருந்தது ஒரு ரயில் நிலையத்தின் வரலாறு. பதினோரு வரி. வியாழக்கிழமை பெயின்டர் வந்து அதைப் பலகையில் எழுதப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பத்து வரி நான் எழுதிக் கொடுத்தவை. ஆறாவது வரி என்னுடையது அல்ல. 'கேட்மேன் தூங்கிவிட்டதால் இங்கே ஒரு விபத்து நேர்ந்தது. அதற்குப் பின் நிலையம் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.'

அனுப்பியது சேலத்துப் பெண் ஒருத்தி. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. பெங்களூருக்கு வடக்கே பாழடைந்து கிடக்கும் அந்தச் சின்ன நிலையத்தை அவளும் நண்பர்கள் பத்துப் பேரும் சனி ஞாயிறுகளில் போய்ச் சுத்தம் செய்கிறார்கள். அனுமதி வாங்கி, சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகம் வைக்கத் திட்டம். அங்கே அதிக காலம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான் என்று யாரோ சொல்ல, பிரேசர் டவுனில் என் வீட்டைத் தேடி வந்தாள். நல்ல பெண். நான் கத்தினாலும் சிரிப்பாள்.

போனைப் பொறுக்கி எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"யாரும்மா எழுதினது இந்த ஆறாவது வரியை?"

"நான்தான் அங்கிள். நீங்க ஆக்சிடென்ட் பத்தி ஒண்ணுமே எழுதலையே. ஊர்ல எல்லாரும் அதைத்தான் மொதல்ல சொல்றாங்க."

"ஊர்ல ஆயிரம் சொல்வான். அவர் தூங்கினாருன்னு நீ பார்த்தியா?"

"அங்கிள், அந்தக் கேட்மேன் தாத்தாவே சொன்னாரு. ஆமாம்மா, தூங்கிட்டேன்னு. வீடியோவே இருக்கு."

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தூங்கவில்லை. இதை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் நான். அவரே தூங்கினேன் என்று சொல்லியிருக்கிறார் என்றால், மிச்சம் நான் ஒருவன்தான்.

அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவர் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். சின்ன லைன் ஓடிய காலத்தில் கட்டிய கல் கட்டடம், ஓட்டுக் கூரை. டிக்கெட்டுக்கு ஒரு ஜன்னல், மாஸ்டருக்கு ஓர் அறை, சரக்கு நிறுக்க ஒரு தராசு, பிளாட்பாரம் என்ற பெயரில் ஒரு மண்மேடு. ஒற்றைத் தண்டவாளம். போக இரண்டு, வர இரண்டு என நாளைக்கு நாலு வண்டி. காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், பூக்கூடைக்காரிகள். திராட்சை போகும். பட்டுக்கூடு போகும். அந்தப் பக்கம் முழுக்கப் பட்டுப்பூச்சிப் பிழைப்புதான்.

விபத்தால்தான் நிலையம் படுத்துவிட்டது என்று எழுதியிருந்தாள் பாருங்கள், அதைப் படித்தபோது வந்த எரிச்சல் தனி. விபத்துக்காக எந்த நிலையத்தையும் மூடுவதில்லை. டிக்கெட் வாங்க ஆள் வராததால் மூடுகிறார்கள். முதலில் தனியார் பஸ் வந்தது, வண்டி வரும் நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. அப்புறம் லைனைப் பெரிதாக்குகிறோம் என்று பல வருஷம் வண்டியையே நிறுத்தினார்கள். அதற்குள் ஊரில் வீட்டுக்கு ஒரு பைக் வந்துவிட்டது. பெரிய லைனில் வண்டி ஓடத் தொடங்கியபோது மாஸ்டர் பதவியை எடுத்தார்கள், பிறகு டிக்கெட் ஜன்னலை அடைத்தார்கள், கடைசியில் வண்டி நிற்பதே இல்லை என்றாயிற்று. கேட் இருந்த இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் பாதை வெட்டிவிட்டார்கள். இதுதான் வரலாறு. இதில் அந்த மனிதருக்கு எந்தப் பங்கும் கிடையாது.

ஆனால் விபத்து நடந்தது உண்மை. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வேலையில் ஒன்றை விளக்கியாக வேண்டும்.

ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் கேட் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வளைவுக்கு அப்பால், தைல மரங்களுக்குப் பின்னால் இருந்தது. என் அறையிலிருந்து தெரியாது. மூடியிருக்கிறதா என்று அறிய ஒரே வழி போன். வண்டி வரும் முன் நான் கேட்டுக்குப் போன் செய்து மூடச் சொல்வேன். கேட்மேன் மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள அச்சடித்த தாளில் அடுத்த எண் எதுவோ அதை எனக்குப் படித்துச் சொல்லிவிட்டு, தாளில் அதை அடித்துவிடுவார். அதற்குப் பெயர் பிரைவேட் நம்பர். அந்தத் தாள் என்னிடம் கிடையாது. ஆகவே எண் எனக்குத் தெரிந்துவிட்டது என்றால் கேட் மூடியாயிற்று என்று பொருள். எண்ணையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் கைகாட்டி சிக்னலை இறக்கி வண்டியை விட வேண்டும். விதி அவ்வளவுதான். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

சிக்கல் பட்டுக்கூட்டில் வந்தது. காலை வண்டி வரும் நேரமும் கூடு ஏற்றிய டெம்போக்கள் மார்க்கெட்டுக்குப் பறக்கும் நேரமும் ஒன்று. ஏலத்துக்குப் பிந்தினால் கூடு விலை போகாது. ஒவ்வொருவனும் ஹாரனை அழுத்திக்கொண்டு, 'அண்ணா, ஒந்து நிமிஷம், இது ஒண்ணு மட்டும்' என்று கெஞ்சிக்கொண்டு நிற்பான். கேட்மேனால் குறுக்கே சங்கிலியை இழுத்துக் கேட்டை மூட முடியாது. கேட் மூடாமல் நம்பர் வராது. நம்பர் வராமல் நான் கைகாட்டியை இறக்க முடியாது. வண்டி வெளியே நின்று கூவும். பெங்களூரிலிருந்து வண்டிகளைக் கவனிக்கும் கண்ட்ரோலர் எனக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசுவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. போனில் கத்தினேன்.

"யோவ், நம்பரைக் குடு மொதல்ல. கேட்டை அப்புறம் மூடிக்கோ."

"மூடாம எப்படி சார் குடுக்கறது?"

"நான் சொல்றேன்ல. குடு."

கொடுத்தார். வண்டி கேட்டுக்கு வருவதற்குள் கேட்டை மூடியும்விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் மறுபடி அப்படியே. மழைக்காலம் வந்ததும் போனில் கொரகொரவென்று சத்தம்தான் வந்தது, எண் காதில் விழவில்லை. அப்போது நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் வாங்க அவர் நிலையத்துக்கு வருவார். அப்போதே மறுநாள் காலைக்கான நம்பரை என்னிடம் சொல்லிவிட வேண்டும். காலையில் நான் போனில் 'வருது' என்று ஒரு வார்த்தை சொல்வேன், அவர் மூடிக்கொள்வார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. வண்டிகள் நேரத்துக்குப் போயின. கண்ட்ரோலர் என்னைப் பாராட்டினார். நான் அந்தப் பாராட்டை வீட்டில் வந்து சொன்னேன்.

என்னைவிட அவர் ஐந்து வயது மூத்தவர். கோலார் பக்கத்துத் தமிழர். நான் அவரை வா போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை சார் என்பார்.

அன்று காலை தூறல். ஏழு முப்பத்தெட்டுக்குக் கேட்டுக்குப் போன் செய்து 'வருது' என்றேன். 'சரி சார்' என்றார். முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வைத்த எண் முப்பத்தேழு. ரிஜிஸ்டரில் முப்பத்தேழு என்று எழுதி, நேரம் ஏழு நாற்பத்தொன்று என்று போட்டு, லீவரை இழுத்துக் கைகாட்டியை இறக்கினேன். டீ டம்ளரைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது.

"சார், ஒரு டெம்போ லைன் மேலேயே நின்னு போச்சு. இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு. கைகாட்டி எறக்காதீங்க சார். எறக்காதீங்க."

இரண்டு தரம் சொன்னார். டம்ளரைப் போட்டுவிட்டு லீவருக்கு ஓடி, கைகாட்டியைத் திரும்ப ஏற்றினேன். வண்டி அதைத் தாண்டிவிட்டிருந்தது. விடாமல் ஊதுகிற சத்தம் கேட்டது. பிறகு இரும்பு இடிக்கிற சத்தம்.

தண்டவாளத்தோடு ஓடினேன். டெம்போ இரண்டாகக் கிடந்தது. கூடைகள் உடைந்து லைன் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கூடு. டெம்போக்காரன் குதித்ததில் கால் முறிந்து பள்ளத்தில் கிடந்து அலறினான். முதல் பெட்டியில் நாலைந்து பேருக்கு மண்டையில் காயம். சாவு இல்லை. சாவு இல்லாமல் போனதற்குக் காரணம், கேட்மேன் போனை வைத்ததும் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு லைனோடு வண்டிக்கு எதிரே ஓடியிருக்கிறார். டிரைவர் பார்த்து பிரேக் போட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முழங்கால் தோல் கிழிந்து, கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "போன் பண்ணேனே சார்," என்றார்.

விசாரணை பெங்களூரில், ஒரு மாடி அறையில். அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேஜை மேல் என் ரிஜிஸ்டர், பக்கத்தில் அவருடைய தாள். ரிஜிஸ்டரில் முப்பத்தேழு. தாளில் முப்பத்தேழு அடிக்கப்பட்டிருக்கிறது. அதிகாரி என்னிடம் கேட்டார், நம்பர் எப்போது கொடுத்தார் என்று.

"ஏழு நாற்பத்தொண்ணு சார். ரிஜிஸ்டர்ல உள்ளபடி."

"அதுக்கப்புறம் கேட்லேருந்து போன் வந்ததா?"

"ஞாபகம் இல்லை சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவ்வளவு கஷ்டமெல்லாம் இல்லை. இரண்டு வார்த்தை போதும்.

அவர் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலமே மாஸ்டர் நம்பரை வாங்கிக்கொள்வார், ஒரு வருஷமாக இப்படித்தான் என்றார். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. கேட்டை மூடாமல் நம்பர் கொடுப்பது குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார். கொடுத்தீரா என்றார். கொடுத்தேன் என்றார். அவ்வளவுதான். உண்மையைச் சொல்லி அவரே மாட்டிக்கொண்டார். பொய் சொல்லி நான் தப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அப்போது மகனுக்கு இரண்டு வயது, பிரமோஷன் பரீட்சை எழுதியிருந்தேன் என்றெல்லாம் சொல்லலாம். பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். பயம். வேறொன்றும் இல்லை.

வெளியே வந்ததும் படிக்கட்டில் அவர் சொன்னார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம் சார்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனேன்.

அவருக்கு வேலை போயிற்று. கேட்டை ஒட்டிய குவார்ட்டர்சைக் காலி செய்யச் சொன்னார்கள். எட்டு வயதுப் பெண்ணையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் ஒரு பட்டு நூற்பு ஆலையில் கூடு அவிக்கப் போனார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பிரமோஷனும் மாற்றலும் வந்தன. அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது எனக்காகவே சொன்னது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மனைவியிடம் ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவளுக்கு இந்தக் கதை தெரியும். "முடிஞ்சதைக் கிளறாதீங்க," என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கேட்மேன் வீடு அந்தப் பட்டு ஆலைக்குப் பின்னால். அவர் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அங்கேயே அரசுப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள் என்று வழி சொன்ன கடைக்காரர் சொல்லியிருந்தார். கேட்மேன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. பல வருஷம் வெந்நீரில் கிடந்த விரல்கள் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்னை உடனே அடையாளம் கண்டுவிட்டார்.

"வாங்க சார். நின்னுட்டே இருக்கீங்களே."

உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். எனக்கு உட்கார மனம் வரவில்லை. என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பழைய கோபம்தான் வாயில் வந்தது.

"ஏன்யா தூங்கினேன்னு சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட மட்டுமா சொன்னேன்? ஊருக்கே அதுதான் சொன்னேன். மொதல்ல நெஜத்தைத்தான் சார் சொல்லிட்டிருந்தேன். மாஸ்டர் கேட்டாரு, குடுத்தேன்னு. ஊரே சிரிச்சுது. கேட்டை மூடாமலே மூடிட்டேன்னு நம்பர் குடுத்த புத்திசாலி இவன்தான்னு டீக்கடையில கை காட்டுவானுங்க. தூங்கிட்டேன்னு சொன்னேன். ரெண்டு நாள் திட்டினாங்க, வுட்டுட்டாங்க. தூக்கம் யாருக்கும் வரும் சார். உங்களை நம்பினேன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் சிரிப்பு."

அடித்திருந்தால் தேவலை. "வீட்டுல?" என்று கேட்டேன்.

"வீட்டுலயும் அதேதான். பொண்டாட்டிகிட்ட ரெண்டு கதை சொல்லிட்டு இருக்க முடியுமா? மொதல்ல சொன்னதைப் பொய்னு நெனச்சுட்டா. தப்பை மறைக்க மாஸ்டர் மேல பழி போடறேன்னு நெனச்சா. அப்புறம் தூங்கினேன்னு ஒத்துக்கிட்டதும், இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதான்னு அழுதா. அவ போய் ஆறு வருஷம் ஆச்சு."

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் நான் சொல்லிடறேன். என் தப்புன்னு."

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்?"

"இப்ப நீங்க சொன்னா அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

அவர் மறுபடி காயை நறுக்கத் தொடங்கினார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கடைசியில் தலை நிமிராமலேயே சொன்னார்.

"உங்க பாரத்தை எறக்கறதுக்கு வந்திருக்கீங்க. எனக்குப் புரியுது. அதைக் கோயில்ல போய் எறக்குங்க. பலகையில அந்த வரி வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க, போதும். எம் பொண்ணு அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறா. தெனம் படிக்கணும்."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலிருந்தே சேலத்துப் பெண்ணுக்குப் போன் செய்து கத்தினேன். ஒரு வயசான மனுஷர் பேரை ஊர் நடுவே பெயின்ட் அடித்து எழுதப் போகிறாயா, உனக்கு அப்பா இல்லையா என்று கேட்டேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பயந்துபோய், "சரி அங்கிள், எடுத்துடறேன் அங்கிள்," என்றாள். வியாழக்கிழமை பத்து வரியோடு பலகை எழுதி முடித்துப் படம் அனுப்பினாள். அந்த ஆறாவது வரி இல்லை. அவர் கேட்டது அவ்வளவுதான். அதைச் செய்துவிட்டேன். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சொல்லட்டுமா, எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியே அருவருப்பாகவும் இருந்தது.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவளே கார் அனுப்பிவிட்டாள்.

நிலையத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். என் அறையில் புத்தக அலமாரி. லீவர் இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தது. மண்மேட்டில் ஷாமியானா, நூறு நூற்றைம்பது பேர். கேட்மேன் வரவில்லை. அவர் மகள் வந்திருந்தாள், பின்வரிசையில் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு. அவள் யாரென்று சேலத்துப் பெண் காட்டினாள். அவருடைய அதே நெற்றி, நிற்கிற விதமும் அதே. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

என்னை முன்வரிசையில் உட்கார வைத்து மாலை போட்டார்கள். எனக்கு முன்னால் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் பேசினார். கன்னடத்தில் நன்றாகப் பேசுகிற மனிதர். ஊரைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். பட்டு, திராட்சை, பழைய வண்டி என்று சொல்லிக்கொண்டே வந்து, "நம்ம கேட் அண்ணனை மறக்க முடியுமா?" என்றார். "வண்டி வந்து எழுப்பினால்தான் எழுந்திருப்பார். வண்டியையே அலாரமாக வைத்த ஒரே கேட்மேன் நம்ம ஊரில்தான்."

கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லை, கேட்டுக் கேட்டுப் பழகிய வேடிக்கைதான். நான் திரும்பி கேட்மேன் மகளைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். பிள்ளைகள் தன் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, ஒரு டீச்சர் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. பாரத்தை இறக்க வந்திருக்கிறீர்கள் என்று சொன்னதும் காதிலேயே இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எழுந்துபோய் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன். என் முறை இன்னும் வரவில்லை. பஞ்சாயத்துக்காரர் திகைத்து ஒதுங்கினார்.

"கேட்மேன் தூங்கவில்லை," என்றேன் கன்னடத்தில். இன்னொரு தரம் சொன்னேன். பிறகு பிரைவேட் நம்பர் என்றால் என்ன என்று சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் முப்பத்தேழை நான் வாங்கியதைச் சொன்னேன். அது என் யோசனை என்றும், அவர் முதல் நாளே மாட்டேன் என்றார், நான்தான் கத்தி வாங்கினேன் என்றும் சொன்னேன். போன் வந்ததைச் சொன்னேன். கைகாட்டியை இறக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னார், நான் ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தேன் என்றேன். விசாரணையில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். சிவப்புக் கொடியோடு அவர் ஓடியிருக்காவிட்டால் இந்த ஊரிலேயே நாலு வீட்டில் இழவு விழுந்திருக்கும் என்றேன். மைக்கை மேஜை மேல் வைத்தேன்.

அப்புறம் வைட்ஃபீல்டிலிருந்து வந்த பிள்ளைகள் பக்கம் யாரோ கை தட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பெரிய மனசு என்று யாரோ சொன்னது கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "எதுக்குத் தட்டறீங்க? நிறுத்துங்க," என்று தமிழில் கத்தினேன். நின்றது. மாலையைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். பஞ்சாயத்துக்காரர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்மேன் மகள் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு என்னை நோக்கி வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஷாமியானாவுக்கு வெளியே, வெயிலில், எனக்கு ஓரடி தள்ளி வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாள்.

"அப்பா முழிச்சிட்டுத்தான் இருந்தாரா சார்?"

"முழிச்சிட்டுத்தான் இருந்தாரும்மா."

"போன் பண்ணாரா?"

"பண்ணாரு. நான்தான் ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வீட்ல அவரைப் பகல்ல படுக்க விட்டதே இல்ல சார். ஆலையில ராப்பகலா கூடு அவிச்சுட்டு வந்து கண்ணு சொருகினாக்கூட அம்மா தட்டி எழுப்பிடுவாங்க. ஒரு தூக்கத்தால குடும்பமே போச்சு, இன்னும் தூங்கணுமான்னு கேப்பாங்க. அம்மாவுக்கு அப்புறம் நான் எழுப்பறேன். அவரும் ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து உக்காந்துக்குவாரு. இன்னிக்குக் காலையிலகூட ஒடம்பு முடியலன்னு சுருண்டு படுத்திருந்தாரு. எழுப்பி உக்கார வெச்சுட்டுத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். பிள்ளைகள் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.